எதிர்ப்பொருள், கடலை, கல்லீரல்: ஓர் ஆய்வாளரின் பாதையில் மூன்றும் எப்படி ஒன்றாக வந்தன?

சுங்கைசிப்புட் டீச்சர்:

வணக்கம். ஆறாம் படிவ உயிரியல் மாணவர்களுக்கு, ஒரு விஞ்ஞானியின் ஆய்வுப் பாதையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு பாடம் தயாராகிறது. எடுத்துக்கொண்டவர் ஜான் குரூப்மன். 1984-இல், கடலை, சோளம் போன்றவற்றில் பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்சினைப் பிடிக்கும் மோனோகுளோனல் (ஒரே வகை) எதிர்ப்பொருள் பற்றி சக ஆய்வாளர்களோடு கட்டுரை எழுதினார். அடுத்து, மனிதர்களின் சிறுநீரிலும் இரத்தத்திலும் அந்த நச்சின் தடயத்தை அளக்கும் வேலை. பிறகு சீனாவில் கல்லீரல் புற்றுநோய் ஆய்வுகள். பணியாற்றியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளியில்.

நோயெதிர்ப்பியலில் தொடங்கி, உணவுப் பாதுகாப்புக்குத் தாவி, கடைசியில் பொதுச் சுகாதாரத்துக்கு மாறிவிட்டார் என்றுதான் பிள்ளைகள் குறிப்பெழுதுகிறார்கள். இந்த வாசிப்பு சரிதானா? எதிர்ப்பொருள் என்றால் உடம்புக்குள் கிருமியைப் பிடிப்பது என்று படித்த பிள்ளைகளுக்கு, அது கடலைக்குள் எப்படிப் போனது என்று எவ்வளவு விவரமாகச் சொல்லலாம்? பசார் மாலாமில் வாங்கிய கடலையை வைத்துப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஓர் எலைசா, அதாவது எதிர்ப்பொருளை வைத்து நிறமாற்றத்தால் ஒரு பொருளை அளக்கும் சோதனை, செய்து காட்ட முடியுமா? பேராக் மாநிலத்தோடு தொடர்புள்ள செய்தி ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


எலைசா தட்டு:

வணக்கம் டீச்சர். அவர் தாவவே இல்லை என்பதுதான் என் வாசிப்பு. கையில் வைத்திருந்த முக்கியக் கருவி நெடுங்காலம் எதிர்ப்பொருள்தான். அதில் ஊற்றிய மாதிரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது: முதலில் சுத்தமான நச்சுக் கரைசல், பிறகு தானியச் சாறு, பிறகு மனிதச் சிறுநீர். மாதிரி மாறும்போதெல்லாம் அதே கருவியைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பழக்குதலில்தான் போகும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும்.

முதலில் எதிர்ப்பொருள். அஃப்ளாடாக்சின் பி1-இன் மூலக்கூறு எடை 312. எதிர்ப்பொருளின் எடை ஏறக்குறைய 1,50,000. இவ்வளவு சின்ன மூலக்கூறைத் தனியாக எலிக்கு ஊசி போட்டால் அதன் நோயெதிர்ப்பு மண்டலம் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் நச்சை ஒரு பெரிய புரதத்தோடு, வழக்கமாக மாட்டு அல்புமினோடு, வேதிப்பிணைப்பால் கட்டிவிட்டுத்தான் ஊசி போட வேண்டும். இப்படித் தனியே எதிர்ப்பைத் தூண்ட முடியாத சிறு மூலக்கூறுக்கு ஹாப்டன் என்று பெயர். எந்த முனையில் புரதத்தைக் கட்டுகிறோமோ, அதற்கு எதிர்முனையைத்தான் எதிர்ப்பொருள் நன்றாக அடையாளம் காணும். பி1-ஐ நன்றாகப் பிடிக்கும் கிட், அதே குடும்பத்து ஜி1-ஐ அரைகுறையாகப் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஊசி போட்ட எலியின் மண்ணீரல் செல்லை, ஓயாமல் பெருகும் மையலோமா என்ற புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து எடுக்கும் முறை கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் தந்தது. எலைசா 1971-இல் வந்துவிட்டது. குரூப்மன் தலைமுறைக்கு இரண்டும் தயாராகக் கிடைத்தன.

அடுத்து, பிள்ளைகள் தவறாமல் தடுமாறும் இடம். பாடப்புத்தக எலைசாவில் இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரு புரதத்தை இரு பக்கமும் கவ்வும், நிறம் கூடினால் பொருள் அதிகம். 312 எடையுள்ள மூலக்கூறில் இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே நேரத்தில் உட்கார இடமே கிடையாது. அதனால் போட்டி முறை. நொதி கட்டிய அஃப்ளாடாக்சினையும் மாதிரியையும் கலந்து, எதிர்ப்பொருள் பூசிய குழியில் விடுவார்கள். இருக்கை கொஞ்சம்தான். மாதிரியில் நச்சு நிறைய இருந்தால் நொதி கட்டியதற்கு இடம் கிடைக்காது. கழுவியபின் நிறமூட்டியை ஊற்றினால் நீலம் மங்கலாக வரும். நிறுத்தும் அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படிப்பார்கள். ஆழ்ந்த நிறம் வந்தால் நச்சு குறைவு, வெளிறினால் நச்சு அதிகம். இதைத் தலைகீழாகப் படித்து, கெட்ட மூட்டையை நல்லது என்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இன்னும் கெடுவது எங்கே என்றால், தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தொடங்குவதில். ஓரக்குழிகள் சீக்கிரம் சூடாகும், நடுக்குழிகள் பின்தங்கும், ஒரே மாதிரிக்கு இரண்டு விடை வரும். குறைந்தது அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். கிட் சொல்லும் அறை வெப்பம் 20 முதல் 25 பாகை. குளிர்சாதனம் இல்லாத நம் ஊர் அறையில் மதியம் 32 இருக்கும். சாறெடுக்கும் மெத்தனாலின் விகிதம் மாதிரியிலும் தர அளவுக் கரைசலிலும் ஒன்றாக இல்லாவிட்டாலும் வளைகோடு கோணிவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மசாலா இவைதான் மிக மோசம். அவற்றின் நிறமும் அமிலத்தன்மையும் எதிர்ப்பொருளின் பிடியைத் தளர்த்தும், சுத்தமான மிளகாய்த்தூளே நச்சுள்ளதாகக் காட்டும். இதைச் சோதிக்க ஒரு வழி, நச்சில்லாத தூளில் அளவு தெரிந்த அஃப்ளாடாக்சினைச் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது. கிலோவுக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரையான அளவில் 70 முதல் 110 விழுக்காடு திரும்பினால் ஏற்கலாம்.

அதனால் எலைசா சந்தேகமானதை முதலில் பிரித்தெடுக்கும் சோதனைதான். வழக்குக்குப் போகும் முடிவு, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியிலோ நிறை நிறமாலைக் கருவியிலோ வரவேண்டும். அங்கேயும் வாசல்காவல் எதிர்ப்பொருள்தான். அரைத்த கடலை 25 கிராம், உப்பு 5 கிராம், 70 விழுக்காடு மெத்தனால் 125 மில்லிலிட்டர், பிளெண்டரில் உச்ச வேகத்தில் 2 நிமிடம். வடிகட்டிய சாற்றில் 15 மில்லியை எடுத்து 30 மில்லி நீர் சேர்க்க வேண்டும். கலங்கினால் கண்ணாடி இழைத் தாளில் மறுபடி வடிகட்டி, அதில் 15 மில்லியை எதிர்ப்பொருள் நிரப்பிய சிறு குழாய்வழியே விட வேண்டும். 10 மில்லி நீரால் இரண்டு முறை கழுவி, கடைசியில் 1 மில்லி மெத்தனால் விட்டால் பிடிபட்ட நச்சு இறங்கிவிடும். இடையில் நீர் சேர்ப்பதை மறந்தால் 70 விழுக்காடு மெத்தனாலே நேராகக் குழாய்க்குள் போய் எதிர்ப்பொருளின் பிடியைக் குலைத்துவிடும். நச்சு பிடிபடாமல் வழிந்தோடும், கருவி சுழியம் காட்டும். அந்தச் சுழியத்தை நம்பி மூட்டையை விடுவித்துவிடுவார்கள். வேகமும் முக்கியம். வினாடிக்கு ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் ஓடக்கூடாது.


மூட்டையும் கொட்டையும்:

அண்ணன் கருவியைச் சொன்னார். உணவுப் பாதுகாப்பில் பாதிச் சண்டை கருவிக்கு முன்னாலேயே முடிந்துவிடும், மாதிரி எடுக்கும் இடத்தில்.

கடலையில் பூஞ்சை பரவலாக உட்காராது. ஆயிரமாயிரம் நல்ல கொட்டைக்குள் ஒன்று கெட்டிருக்கும், கெட்டது படுமோசமாக இருக்கும். ஒற்றைக் கொட்டையில் கிராமுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் எடையுள்ள அந்த ஒரு கொட்டையில் 500 மைக்ரோகிராம் நச்சு. அதை 20 கிலோ சுத்தமான கடலையில் போட்டு அரைத்தால் சராசரி கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கடலைக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த உச்சவரம்பு 15. ஒரே கொட்டை 20 கிலோவையும் வரம்பு தாண்ட வைக்கிறது. அதே 20 கிலோவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் அந்தக் கொட்டை கையில் வராது, சுத்தம் என்று முடிவு வரும். இதனால்தான் கோடெக்ஸ் ஆய்வுக்கூட மாதிரியே 20 கிலோ என்று வைத்தது. அவ்வளவையும் நன்றாக அரைத்துக் கலந்த பிறகே 25 கிராம் எடுக்க வேண்டும். முழுக்கொட்டையாக 25 கிராம் எடுத்து அரைத்தால் மேலே சொன்ன மெத்தனால் கணக்கெல்லாம் வீண்.

டீச்சர், பள்ளியில் செய்யத் தகுந்தது இதுதான். கொண்டைக்கடலை 1000 எண்ணி ஒரு வாளியில் போடுங்கள். அதில் இரண்டுக்கு மட்டும் சிவப்புச் சாயம். ஒவ்வொரு பிள்ளையும் பார்க்காமல் 100 எடுத்து, சிவப்பு வந்ததா என்று எழுதி, திருப்பிப் போட்டுக் கலக்கட்டும். ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் சுத்தம் என்று எழுதுவார்கள். கணக்குப்படி 81 விழுக்காடு.

எலைசாவுக்குப் பின்னால் உள்ள கருத்தைக் காட்ட வேண்டுமானால் ஆர்டிகே என்னும் விரைவுச் சோதனைக் கிட் போதும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது, இன்னமும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் பட்டையைக் காட்டுங்கள். மாதிரி சொட்டும் பஞ்சு, நிறத் துகள் கட்டிய எதிர்ப்பொருள் உலர்ந்திருக்கும் பகுதி, டி கோடு, சி கோடு, நுனியில் உறிஞ்சும் தாள். வெறும் பஃபரை மட்டும் விட்டால் சி மட்டும் தெரியும். இது இரு எதிர்ப்பொருள் முறை, கிருமி இருந்தால் டி கோடு தோன்றும். அஃப்ளாடாக்சின் பட்டையில் நச்சு இருந்தால் டி கோடு மறையும். போட்டி முறையின் முழு விளக்கமும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

உண்மையான அஃப்ளாடாக்சின் கிட்டைப் பள்ளியில் திறக்க வேண்டாம். அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகைப் பொருள். மெத்தனாலும் எளிதில் தீப்பிடிக்கும், கண்ணைக் கெடுக்கும். ஆய்வுக்கூடத்தில்கூட கழிவைக் குளோராக்ஸ் வகைக் கரைசலில் ஊறவைத்து, பின்னர் 5 விழுக்காடு அளவுக்கு அசிட்டோன் சேர்த்து அரை மணி வைத்த பிறகுதான் கொட்ட வேண்டும். குளோரின் மட்டும் போட்டு விட்டால் நச்சு வேறொரு வீரியமான குளோரின் சேர்மமாக மாறும் வாய்ப்பு உண்டு. அசிட்டோன் அதற்காகத்தான்.


ஈப்போ கணக்கன்:

மூன்றாவது பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். பேராக் செய்தி கேட்டீர்கள். 1988 அக்டோபர், கம்பார் வட்டாரம். ஈப்போவிலிருந்து தெற்கே போகிறவர்கள் கடந்து போகும் ஊர். லோ ஷீ ஃபான் என்னும் அரிசி நூடல் சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தியெடுத்து, கல்லீரல் செயலிழந்து, 13 பேர் இறந்தார்கள். இறந்த பிள்ளைகளின் உடல் பாகங்களில் அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது. இந்த நச்சு ஒரேயடியாக அதிக அளவில் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த 13 பேரும் பள்ளி வயதுக் குழந்தைகளும் அதற்கும் சின்னவர்களுமாக இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

குரூப்மன் தொட்டது இதன் மறுபக்கம். கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் என்ன ஆகும்? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பத்து வருடத்துக்கு முன் நீங்கள் தின்ற கடலை கெட்டிருந்ததா என்று யாரிடம் கேட்பது? உடம்பே எழுதி வைத்த குறிப்பைத்தான் படிக்க வேண்டும். கல்லீரல் பி1-ஐ மாற்றும்போது அது டி.என்.ஏ.வின் குவானினோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துண்டு கழன்று சிறுநீரில் வரும். அது கடந்த ஓரிரு நாள் கதையைச் சொல்லும். இரத்த அல்புமினில் ஒட்டியது, அல்புமின் இருக்கும்வரை இருக்கும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள் என்பதால் இரண்டு மூன்று மாதக் கதை கிடைக்கும்.

ஷாங்காயில் 18,244 ஆண்களிடம் 1986 முதல் 1989 வரை, நோய் வருவதற்கு முன்னாலேயே சிறுநீர் வாங்கி உறைய வைத்தார்கள். பின்னர் யாருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததோ அவர்களுடைய குப்பியையும், அதே வயது அதே வட்டாரத்தில் நோய் வராதவர்களின் குப்பியையும் எடுத்து அளந்தார்கள். சிறுநீரில் கலந்து கிடக்கும் ஆயிரம் பொருள்களிலிருந்து அந்தத் துண்டைத் தனியே பிடித்துக் கொடுத்தது, அண்ணன் சொன்ன அதே எதிர்ப்பொருள் குழாய். 1994-இல் வந்த முடிவை அப்படியே கரும்பலகையில் எழுதலாம். இரண்டும் இல்லாதவரின் ஆபத்து 1 என்றால், அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் உள்ளவருக்கு 3.4. ஹெப்பாடைட்டிஸ் பி மட்டும் உள்ளவருக்கு 7.3. இரண்டும் சேர்ந்தவருக்கு 59. கூட்டினால் 11-ஐத் தொடாது, பெருக்கினால் 25 வரும். உண்மையில் வந்தது 59.

மூன்று துறையும் இந்த ஓர் எண்ணில் பூட்டிக்கொள்கின்றன என்பது என் கருத்து. 59-ஐக் குறைக்க ஒரு வழி தடுப்பூசி, அது நோயெதிர்ப்பியல். மலேசியா 1989-இல் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசியைப் பிறந்த குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. இன்னொரு வழி கடலையையும் சோளத்தையும் காப்பது, அது உணவுப் பாதுகாப்பு. ஏற்கெனவே வைரஸ் உள்ள பெரியவர்களுக்கு இனிமேல் தடுப்பூசி பயன்படாது. இந்த இரண்டில் அவர்களுக்கு மிச்சம் இரண்டாவது வழிதான். சீனாவின் கிடாங் வட்டாரத்தில், பச்சையத்திலிருந்து செய்யப்படும் குளோரோஃபிலின் மாத்திரை 100 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 180 பேர், நான்கு மாதம் என ஒரு சோதனை நடந்தது. 2001-இல் வந்த முடிவில் சிறுநீரில் அந்தத் துண்டு 55 விழுக்காடு குறைந்திருந்தது. நல்ல வேலைதான். ஆனால் அதே கிடாங்கில் மக்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியது செய்த நன்மை எந்த மாத்திரையையும்விடப் பெரியது. 


சுங்கைசிப்புட் டீச்சர்:

மூவருக்கும் நன்றி. கொண்டைக்கடலைப் பயிற்சியும் ஆர்டிகே பட்டையும் பாடத்தில் சேர்கின்றன. இரண்டு ஐயம். ஒன்று, பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: வறுத்தால் நச்சு போய்விடாதா, வீட்டில் என்ன செய்வது? இன்னொன்று, 25 கிராமில் தொடங்கி, பாதி வழியில் 15 மில்லி மட்டும் எடுத்து, மறுபடி 15 மில்லி என்கிறீர்கள். கடைசியில் குழாய்க்குள் போனது எவ்வளவு கடலை?


மூட்டையும் கொட்டையும்:

வறுப்பதால் கொஞ்சம் குறையும், போகாது. இந்த நச்சு சிதைய 237 பாகைக்கு மேல் வேண்டும். வாணலியில் கடலை அந்தச் சூட்டை எட்டுவதற்குள் கரியாகிவிடும்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் வெக்கையும். நம் ஊரில் இரண்டும் வருடம் முழுக்க உண்டு. காய்ந்த கடலையில் ஈரம் 7, 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் வளராது. பையைத் திறந்து அடுப்பு மேடையில் வைத்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். கழுவி வெயிலில் காயவைப்பது கூடாது, பிற்பகல் மழை வந்தால் அதுதான் பூஞ்சைக்கு விருந்து. காய்ந்த மிளகாய்க்கும் இதே கதை. அரைக்குமுன் காம்பருகே சாம்பல் நிறம் தெரிகிறதா என்று ஒன்றிரண்டைப் பிளந்து பாருங்கள்.

சுருங்கியது, நிறம் மாறியது, கசந்தது எல்லாம் குப்பைக்கு. சட்னியில் அரைத்தால் தெரியாது என்று போடக்கூடாது. தோட்டப்புறத்தில் மாடு, கோழி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்: கெட்ட கடலையையும் பூசணம் பிடித்த புண்ணாக்கையும் அவற்றுக்குப் போடாதீர்கள். இந்த நச்சு உலகத்துக்குத் தெரியவந்ததே 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சம் அளவுக்குச் செத்தபோதுதான். பசு தின்ற பி1-இல் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. பாலில் எம்1-க்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.


தோட்டப்புற வரலாறு:

டீச்சர், உள்ளூர்ச் செய்தி என்றால் இன்னொன்றும் சேருங்கள். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம், நாம் ஐ.எம்.ஆர். என்று சொல்வது, இந்த மாதிரிப் பாதைகளுக்குப் பழகிய இடம். 1920களில் தோட்டத் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகச் செம்பனைத் தோட்டங்களில், விளங்காத காய்ச்சல் ஒன்று வந்தது. நகரத்து டைஃபஸ் நோயாளியின் இரத்த நீர் ஓ.எக்ஸ்.19 என்ற புரோட்டியஸ் கிருமியைத் திரளவைக்கும். தோட்டத்து நோயாளியின் இரத்த நீர் அதைத் தொடாமல், ஓ.எக்ஸ்.கே. என்ற வகையை மட்டும் திரளவைத்தது. அந்த ஒரு சோதனைக்குழாய் வித்தியாசத்தை வைத்துத்தான் ஃபிளெட்சரும் லெஸ்லரும் இரண்டும் வேறு நோய் என்று பிரித்தார்கள். தோட்டத்து நோய்தான் புதர் டைஃபஸ், லாலாங் காட்டில் இருக்கும் சிறு பூச்சியால் பரவுவது. அங்கே பார்த்ததும் எதிர்ப்பொருளைத்தான், பயன்பெற்றது தோட்டத்து லயம்.

படிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் வேதியியலை விடக்கூடாது. உயிரியல் மட்டும் போதும் என்று நினைக்கும் பிள்ளைகள் ஹாப்டனில் வந்து நின்றுவிடுவார்கள். பட்டம் உயிர்மருத்துவ அறிவியலோ உணவு அறிவியலோ எதுவானாலும், புள்ளியியலை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும். பயிற்சிக்கு ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்ற ஆய்வுக்கூடத்தைத் தேடிப் போகச் சொல்லுங்கள். அங்கேதான் ஒரு விடையோடு அதன் பிழை அளவையும் சேர்த்து எழுதப் பழக்குவார்கள்.


எலைசா தட்டு:

விடுபட்ட கணக்கு. 25 கிராமை 125 மில்லியில் அடித்தால் மில்லிக்கு 0.2 கிராம் கடலை. அதில் 15 மில்லியில் 3 கிராம். 30 மில்லி நீர் சேர்த்ததும் 45 மில்லியில் அதே 3 கிராம். அதிலிருந்து 15 மில்லி குழாய்க்குள் போகிறது, மூன்றில் ஒரு பங்கு. ஆக, சரியாக 1 கிராம். அது கடைசியில் 1 மில்லி மெத்தனாலில் இறங்குகிறது. அதனால் கருவி அந்த மில்லியில் 15 நானோகிராம் காட்டினால் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று நேரடியாக எழுதிக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் இதைப் போடச் சொல்லும்போது நீர் 30-க்குப் பதில் 45 சேர்த்துவிட்டால் விடை எவ்வளவு குறைவாகக் காட்டும் என்றும் கேளுங்கள். 18 உள்ள மூட்டை 13.5 என்று வரும், வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும்.